பின்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்

ஒவ்வோர் ஆண்டும் கல்லூரி திறக்கும் நேரத்தில் எங்களுக்கு ஒரே மாதிரி அழைப்புகள் வரும். புதிதாக இடம் கிடைத்த தம்பி தங்கைகள்தான் பேசுவார்கள். "அக்கா, அம்மா குழுவுல லோன் எடுத்துட்டாங்க. இருபத்தஞ்சாயிரம் இருக்கு. எந்த லேப்டாப் வாங்கலாம்?" முன்பெல்லாம் ஒரு கம்பெனிப் பெயரையும் விலையையும் சொல்லி அனுப்பிவிடுவோம். இப்போது பதிலுக்கு நாங்கள் ஒரு கேள்வி கேட்கிறோம்: "பின்மூடியைத் திறந்தா ராம் மாட்ட இடம் இருக்கான்னு கடைக்காரரிடம் கேட்டியா?" மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. லேப்டாப் வாங்கும்போது அதைத் திறப்பது பற்றி யார் யோசிக்கிறார்கள்? நாங்களும் யோசித்ததில்லை. யோசிக்காததால் என்ன ஆனது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறோம்.

எங்களில் மூன்று பேருக்கு 2012-ல் அரசு கலைக் கல்லூரி இறுதியாண்டில் மடிக்கணினி கிடைத்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை. மூடியில் அரசு முத்திரை, கையில் தூக்கினால் செங்கல் கனம். "இதுங்களுக்கு எதுக்கு லேப்டாப், படம் பாக்கவா?" என்று பேருந்தில் காதுபடப் பேசியவர்கள் உண்டு. படமும் பார்த்தோம், மறுக்கவில்லை. அதே இயந்திரத்தில்தான் முதுகலைச் சமூகவியல் ஆய்வேட்டைத் தட்டினோம். வீட்டு மனைப் பட்டாவுக்கான மனுக்களை, சாதிச் சான்றிதழ் மறுக்கப்பட்டவர்களின் மேல்முறையீட்டை, எங்கள் தெருப் பிள்ளைகளின் உதவித்தொகை விண்ணப்பங்களை அதில்தான் செய்தோம்.

2016 வாக்கில் அது நகர மறுத்தது. ஒரு கோப்பைத் திறக்கச் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். எங்கள் ஊர்க்கார அண்ணன் ஒருவர் சென்னை ரிச்சி தெருவில் வேலை செய்கிறார். அவரிடம் கொண்டுபோனோம். அடிப்பக்கத்தில் சின்னதாக ஒரு கதவு, இரண்டு ஸ்க்ரூ. திறந்தார். ராம் மாட்ட இரண்டு பள்ளம் இருந்தது. ஒன்றில் 2 ஜிபி, இன்னொன்று காலி. யாரோ கழற்றிப் போட்ட ஒரு 2 ஜிபி துண்டை அந்தக் காலிப் பள்ளத்தில் அழுத்தினார். 'டிக்' என்று ஒரு சத்தம். 500 ரூபாய். அவ்வளவுதான், இயந்திரத்துக்கு மறுபடி உயிர் வந்துவிட்டது. 2019-ல் சுழலும் ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டோம். பேட்டரி வெளியே இருந்தது. இரண்டு பக்கமும் தாழ்ப்பாளைத் தள்ளினால் கையோடு வரும். பழையது செத்ததும் புதியது வாங்கி நாமே மாட்டிக்கொள்ளலாம். ஊரடங்கு நாட்களில் அந்த மூன்று இயந்திரங்களின் முன்னால் முறைவைத்து எங்கள் தெருவில் பதினொரு பிள்ளைகள் ஆன்லைன் வகுப்பு கேட்டார்கள். அதற்குப் பிறகு மூன்றில் ஒன்று திரை போய்ப் படுத்துவிட்டது. அதன் ராமும் விசைப்பலகையும் மற்ற இரண்டுக்குள் போயின. அந்த இரண்டும் லினக்ஸ் மின்ட் போட்டு இன்றும் ஓடுகின்றன. மெதுவாகத்தான், ஆனால் ஓடுகின்றன.

2022-ல் எங்கள் மாலைப் படிப்பகத்துக்கு ஒரு நல்ல உள்ளம் பணம் தந்தது. ஆறு லேப்டாப் வாங்கலாம். இன்னொரு நண்பர் வேறு யோசனை சொன்னார். பெரிய அலுவலகங்கள் நான்கைந்து ஆண்டு பயன்படுத்திவிட்டு விற்கும் கனமான லேப்டாப்களைச் சுத்தம் செய்து விற்கிறார்கள், அதே பணத்துக்கு எட்டு வாங்கலாம், உள்ளே எல்லாவற்றையும் மாற்றலாம் என்றார். நாங்கள் மறுத்துவிட்டோம். ஏன் மறுத்தோம் என்பதை மறைக்காமல் சொல்கிறோம். எங்கள் பாட்டிகள் ஊர்த்தெருவில் கட்டிக் கழித்த சேலையைத்தான் கட்டினார்கள். பண்டிகைக்கு மறுநாள் வாசலில் நின்று வாங்கிய பழைய சோற்றை எங்கள் அம்மாக்கள் இன்றும் மறக்கவில்லை. கழித்ததை வாங்கியே வளர்ந்த தெருவுக்கு மறுபடியும் யாரோ கழித்ததா? எங்கள் பிள்ளைகள் பெட்டியைப் பிரிக்கட்டும், அந்தப் புது வாசனை அவர்கள் மூக்கில் ஏறட்டும் என்று நினைத்தோம். அந்த உணர்வில் இன்றும் எங்களுக்குத் தவறு தெரியவில்லை. இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்ததில்தான் கோட்டைவிட்டோம்.

வாங்கியவை ஒல்லியாக, பளபளவென்று, வெள்ளி நிறத்தில் இருந்தன. ஒன்று 21,000 ரூபாய். 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பு. போதும் என்று கடையில் சொன்னார்கள். முதல் ஆறு மாதம் போதுமாகத்தான் இருந்தது. பிறகு விண்டோஸ் அப்டேட் வந்தது. 64 ஜிபியில் பாதிக்கு மேல் விண்டோஸே உட்கார்ந்திருக்கும்போது அப்டேட் எங்கே இறங்கும்? இடமில்லை, இடமில்லை என்று தினமும் கத்தியது. நாலு பக்கம் திறந்தால் திணறியது. சரி, 2016-ல் செய்ததையே செய்வோம் என்று ரிச்சி தெருவுக்கு எடுத்துப்போனோம். அண்ணன் அடிமூடியைக் கழற்றிக் காட்டினார். பத்து ஸ்க்ரூ, அதில் இரண்டு ரப்பர் காலுக்குக் கீழே ஒளிந்திருந்தன. உள்ளே பள்ளமே இல்லை. ராம் சில்லுகள் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருந்தன. சேமிப்பும் அப்படித்தான், இஎம்எம்சி என்ற ஒற்றைச் சில்லு, போர்டிலேயே ஒட்டியிருந்தது. "இதுல நான் என்னம்மா செய்ய? வாங்குன அன்னைக்கு என்ன இருந்துச்சோ அதுதான் கடைசி வரைக்கும்" என்றார்.

ஆறில் ஒன்றுக்கு மூடியைத் திறந்து மூடும் ஹிஞ்ச் போனது. பித்தளை மரையைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் பெயர்ந்துவிட்டது. அண்ணன் அரால்டைட் வைத்து ஒட்டிக்கொடுத்தார். இன்னொன்றில் ஒரு பையன் தண்ணீரைக் கொட்டிவிட்டான். விசைப்பலகையை மட்டும் மாற்ற முடியாது, மேல்தட்டோடு சேர்த்து உருக்கி ஒட்டியிருக்கிறது, மொத்தமாகத்தான் வாங்க வேண்டும் என்றார்கள். எங்கள் பழைய செங்கல் லேப்டாப்பில் விசைப்பலகை மாற்றியது எங்களுக்கு நினைவிருக்கிறது. ஒரு கொக்கி, ஒரு ரிப்பன், ஐந்து நிமிடம். இவையெல்லாம் பணக் கணக்கு, வயிற்றெரிச்சலோடு போய்விடும். அடுத்து சொல்லப்போவது அப்படிப் போகவில்லை.

எங்கள் படிப்பகத்தில் வளர்ந்த ஒரு தங்கை சமூகப்பணி முதுகலை இரண்டாமாண்டு படித்துக்கொண்டிருந்தாள். அந்த ஆறில் ஒன்று அவளிடம் இருந்தது. கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி இறந்தவர்களின் குடும்பங்களைப் பற்றி ஆய்வேடு. 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் சொல்லியிருந்தது. அந்தத் தொகை வராத வீடுகளைத் தேடித்தேடிப் போய்ப் பேசினாள். பதினோரு மணிநேர ஒலிப்பதிவு. ஒரு தாய் மட்டும் நான்கு மணிநேரம் பேசியிருந்தார். மகனை யார் கூப்பிட்டார்கள், எந்த மேஸ்திரி, எத்தனை மணிக்கு, எவ்வளவு கூலி பேசினார்கள், யார் போலீசுக்கு முன்னால் வந்து ஐம்பதாயிரம் நீட்டினார்கள், எல்லாம் அதில் இருந்தது. அவளுக்கு அது ஆய்வேடு, எங்களுக்கு மனுவுக்கான ஆதாரம்.

ஒருநாள் காலையில் லேப்டாப் உயிர்க்கவில்லை. சார்ஜர் போட்டாலும் விளக்கு எரியவில்லை. வாரண்டி முடிய இரண்டு மாதம் இருந்தது. அவள் ரிச்சி தெருவுக்குப் போகட்டுமா என்றுதான் கேட்டாள். நாங்கள்தான் வேண்டாம் என்றோம். வெளியே எங்கேயும் திறக்கக் கொடுத்தால் வாரண்டி போய்விடும், கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கே போ என்று அனுப்பினோம். அங்கே ஆங்கிலத்தில் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ஒன்பது நாள் கழித்து இயந்திரம் வந்தது, ஜம்மென்று ஓடியது, ஒரு பைசா வாங்கவில்லை. திறந்தால் மொழி என்ன, உங்கள் பெயர் என்ன என்று புது இயந்திரம் கேட்பதுபோல் கேட்டது.

"சார், என் ஃபைல் எல்லாம்?"

"போர்டு மாத்திட்டோம்மா. பழைய போர்டு கம்பெனிக்குத் திரும்பப் போயிடும். டேட்டாவுக்கு நாங்க பொறுப்பில்லன்னு கையெழுத்து போட்டிருக்கீங்களே."

சேமிப்பு போர்டிலேயே ஒட்டியிருக்கிறது என்பதற்கு என்ன பொருள் என்று அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. பழைய லேப்டாப் செத்தால் ஹார்டு டிஸ்கைக் கழற்றலாம். முந்நூறு ரூபாய்க்கு ஒரு யுஎஸ்பி பெட்டி வாங்கி அதில் போட்டு வேறு கணினியில் செருகினால் எல்லாம் அப்படியே இருக்கும். எரிந்த வீட்டிலிருந்து இரும்புப் பெட்டியை இழுத்து வெளியே போடுவதுபோல. இதிலோ பெட்டியைச் சுவரோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். சுவரை மாற்றியவர்கள் பெட்டியையும் எடுத்துப் போய்விட்டார்கள்.

ஏன் கூகுள் டிரைவில் ஏற்றி வைக்கவில்லை என்று படிக்கிற நீங்கள் கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம், கேட்டதற்காக வெட்கப்பட்டோம். விடுதியில் வைஃபை கிடையாது. நாளுக்கு ஒன்றரை ஜிபி தரும் ரீசார்ஜில்தான் வகுப்பு, வீடு, எல்லாம். போனில் இடம் நிரம்பியதால்தான் ஒலிப்பதிவுகளை லேப்டாப்புக்கு மாற்றிவிட்டுப் போனில் அழித்திருந்தாள். இருந்த ஒரே பென்டிரைவை அறைத்தோழி செமினாருக்கு வாங்கிப் போயிருந்தாள். இரண்டாவது பிரதி எடுத்து வை என்று சொல்வது சரியான அறிவுரைதான். இரண்டாவது பிரதிக்கும் ஒரு விலை இருக்கிறது என்பது அந்த அறிவுரைக்குள் வருவதில்லை.

மறுபடி களத்துக்குப் போனாள். பலர் பேசினார்கள். அந்தத் தாய் பேசவில்லை. "அன்னைக்கே எல்லாத்தையும் சொல்லிட்டனே பாப்பா. இன்னொரு தடவை என்னால அழ முடியாது" என்று சொல்லிக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பினார். குறிப்பேட்டில் கிறுக்கியிருந்ததை வைத்து ஆய்வேட்டை முடித்தாள், தேர்ச்சியும் பெற்றாள். மனுவுக்கு வேண்டிய இரண்டு பெயர்கள் அந்தப் பதிவோடு போயின. வேறு வழியில் அவற்றைத் தேடி எடுக்க எங்களுக்கு மூன்று மாதம் ஆனது.

அடுத்த ஆண்டு, வாரண்டி முடிந்த பிறகு, ஆறில் இன்னொன்று அதேபோல் செத்தது. இந்த முறை நேராக அண்ணனிடம் போனோம். அண்ணா சாலையிலிருந்து உள்ளே நுழைந்தால், மின்னணுப் பொருள்களுக்கு டெல்லி நேரு பிளேஸுக்கு அடுத்தபடி பேசப்படும் சந்தை அது. அவர் உட்காரும் இடம் ஒரு மாடிப்படியின் அடிவயிறு. நாற்காலி போட்டால் கால் வெளியே நிற்கும். போர்டைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தார். மின்சாரம் உள்ளே வரும் வழியில் எங்கோ ஷார்ட். எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. அந்த வழியில் ஆயிரம் கடுகு சைஸ் பொருள்கள். ஒரு பவர் சப்ளையிலிருந்து மிகக் குறைந்த மின்னழுத்தத்தைக் கொடுத்துவிட்டு, போர்டின் மேல் ஆல்கஹாலைத் தடவினார். எல்லா இடத்திலும் ஈரம் நிற்க, ஒரு இடத்தில் மட்டும் சட்டென்று காய்ந்தது. சூடாகும் கெப்பாசிட்டர் அதுதான். ஹாட் ஏர் காட்டி அதைப் பிடுங்கினார், வேறு செத்த போர்டிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். பொத்தானை அழுத்தியதும் விளக்கு எரிந்தது. உள்ளே இருந்த கோப்பு ஒன்றுகூடப் போகவில்லை. நாற்பது நிமிடம், 1,200 ரூபாய்.

நாங்கள் பேசாமல் நின்றோம். தங்கையின் போர்டிலும் இதே கோளாறுதான் இருந்திருக்கும் என்று சொல்ல எங்களால் முடியாது, அந்தப் போர்டு இப்போது எங்கே என்றே தெரியாது. ஆனால் யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை, பார்க்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. போர்டு மாற்றுவதுதான் அங்கே ரிப்பேர்.

அண்ணன் பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஐடிஐ படித்தவர். போர்டில் எந்தக் கோடு எங்கே போகிறது என்று காட்டும் ஸ்கீமாட்டிக் படத்தைக் கம்பெனிகள் அவரைப் போன்றவர்களுக்குத் தருவதில்லை. டெலிகிராம் குழுக்களில் கைமாறும் திருட்டுப் பிரதிகளை விலைக்கு வாங்கி வைத்திருக்கிறார். "இந்தப் படத்தை எங்களுக்குக் கொடுத்தா அவங்களுக்கு என்ன குறைஞ்சிடும்? பாதி நேரம் குருடன் மாதிரி தடவிக்கிட்டு இருக்கேன்" என்றார். சர்வீஸ் சென்டரில் ஏசிக்குள் டை கட்டிக்கொண்டு போர்டு மாற்றுபவர் இன்ஜினியர். மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து கடுகு அளவுக் கோளாறைக் கண்டுபிடிப்பவர் மெக்கானிக், அதிலும் 'டேய்' என்று கூப்பிடலாம். கையால் செய்வது எல்லாம் கீழ், வாயால் சொல்வது மேல் என்று இந்த நாட்டில் யார் யாருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள் என்பதைச் சமூகவியல் வகுப்பில் படித்தோம். மடிக்கணினி போன்ற புத்தம்புதுப் பொருளுக்குள்ளும் அது வந்து உட்கார்ந்திருப்பதை அந்த மாடிப்படியில்தான் பார்த்தோம்.

பற்றவைப்பதற்குக் கம்பெனிகள் சொல்லும் காரணம் முழுப்பொய் இல்லை. எல்பிடிடிஆர் என்ற வகை ராம் குறைந்த மின்சாரத்தில் வேகமாக ஓட வேண்டுமானால் பிராசசருக்கு மிக அருகில் இருக்க வேண்டும், பழைய பள்ளங்களில் அதைப் போட முடியாது. பேட்டரி நீண்ட நேரம் நிற்கும், இயந்திரம் ஒல்லியாகும். 2012-ல் ஆப்பிள் ரெட்டினா திரையோடு ஒரு மேக்புக் ப்ரோ விட்டது. ராம் போர்டோடு, பேட்டரி பசையோடு. இயந்திரங்களைப் பிரித்துப் பார்த்து மதிப்பெண் போடும் ஐஃபிக்ஸிட் அமைப்பு அதற்குப் பத்துக்கு ஒன்று போட்டது. அது விலை உயர்ந்த பொருள், வாங்குபவர்கள் சில ஆண்டுகளில் வேறு வாங்கிக்கொள்வார்கள். எங்களுக்குக் கோபம் வருவது அந்த வழக்கம் 21,000 ரூபாய் லேப்டாப்புக்கு இறங்கி வந்ததில்தான். மலிவு லேப்டாப் பலவற்றில் பற்றவைத்திருப்பது சாதாரண டிடிஆர்4 ராம், பள்ளத்தில் தாராளமாக மாட்டக்கூடியது. ஒரு பள்ளத்தின் காசு மிச்சம், கொஞ்சம் ஒல்லி, அவ்வளவுதான். அதிகம் மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டியவர்கள் கையில் மாற்றவே முடியாததைக் கொடுக்கிறார்கள்.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. அலுவலகங்களுக்காகச் செய்யப்படும் திங்க்பேட் வரிசையைப் பாருங்கள். 2018-ல் வந்த டி480-ல் ராமுக்கு இரண்டு பள்ளம், வெளியே கழற்றும் பேட்டரி. மறு ஆண்டு வந்த டி490-ல் கொஞ்சம் ராம் போர்டோடு ஒட்டியது, பள்ளம் ஒன்றானது, வெளிப் பேட்டரி போனது. இப்படியே தேய்ந்துகொண்டு போனது, 2024-ல் டி14 ஐந்தாம் தலைமுறையில் மறுபடி இரண்டு பள்ளம் வந்தது. ஐஃபிக்ஸிட்டோடு சேர்ந்து வேலை செய்து, பத்துக்கு ஒன்பது வாங்கினார்கள். அதே கம்பெனி, அதே வரிசை. பள்ளம் போனதும் திரும்ப வந்ததும் யாரோ மேசையில் உட்கார்ந்து எடுத்த முடிவுகள். எல்பிடிடிஆர் ராமையே ஸ்க்ரூ போட்டு மாட்டும்படி எல்பிகேம்2 என்ற வடிவமும் வந்துவிட்டது, 2024-லேயே அது ஒரு திங்க்பேடில் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் ஃபிரேம்வொர்க் என்ற கம்பெனி 2021 முதல் போர்டையே கழற்றிப் புதிது மாட்டக்கூடிய லேப்டாப் விற்கிறது. ரிச்சி தெருவில் அதை நாங்கள் கண்டதில்லை, கண்டாலும் எங்கள் விலைக்கு வராது. ஆனால் செய்ய முடியாது என்று இனி யாரும் எங்களிடம் சொல்ல முடியாது.

பிரான்சில் 2021 ஜனவரி முதல் லேப்டாப் விற்கும்போது அதை எவ்வளவு எளிதில் பழுதுபார்க்கலாம் என்று பத்துக்கு ஒரு மதிப்பெண்ணை விலைக்கு அருகிலேயே காட்ட வேண்டும். இங்கே 2022 ஜூலையில் ஒன்றிய அரசின் நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது, பிறகு ஓர் இணையதளம் திறந்தது. ஸ்கீமாட்டிக்கையும் உதிரிப் பாகத்தையும் மாடிப்படி அண்ணனுக்கும் கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் வரவில்லை.

ரிப்பேர் செய்ய முடியாத லேப்டாப் கடைசியில் எங்கே போகிறது? இதையும் நாம்தான் பேச வேண்டும், ஏனென்றால் அது நம் வீட்டுக்குத்தான் வருகிறது. களப்பணிக்காகச் சென்னையின் ஓரங்களில் காயலான் கடைகளுக்குப் போயிருக்கிறோம். மூட்டையைப் பிரித்துப் போர்டு தனி, பிளாஸ்டிக் தனி, ஒயர் தனி என்று பிரிக்கும் பெண்களோடு உட்கார்ந்திருக்கிறோம். செம்புக்காக ஒயரை எரிக்கும் புகை தொண்டையில் இரண்டு நாள் நிற்கும். எங்கள் பேச்சில் அவர்கள் சொன்ன ஊர்ப்பெயர்களும் தெருப்பெயர்களும் எங்களுக்குப் பழக்கமானவை, நம் சனம், இஸ்லாமியச் சகோதரிகள். பழைய லேப்டாப்பில் பேட்டரி தாழ்ப்பாளைத் தள்ளினால் வந்துவிடும். பசை போட்டு ஒட்டிய பேட்டரியை அந்த அக்கா ஸ்க்ரூ டிரைவரால் நெம்புகிறார். லித்தியம் பேட்டரியைக் குத்தினால் தீப்பிடிக்கும். "சில சமயம் புசுபுசுன்னு பொகையும், தூக்கி மண்ணுல போட்டுருவேன்" என்று முழங்கையில் இருந்த தழும்பைக் காட்டினார். ஒல்லியான லேப்டாப் வேண்டும் என்று வரைபடத்தில் பசையைக் குறித்தவர் இந்த முழங்கையைப் பார்த்திருக்க மாட்டார். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகள் உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குகின்றன. அந்த அக்காவிடம் கையுறைகூட இல்லை.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசசரோ அதற்குப் பிறகு வந்ததோ வேண்டும். அதற்கு முந்தைய, நல்ல நிலையில் உள்ள அலுவலக லேப்டாப்கள் மூட்டை மூட்டையாக வெளியே வருகின்றன. 2022-ல் நாங்கள் வேண்டாம் என்று சொன்ன அதே கனமான லேப்டாப்கள். இப்போது அவற்றை வாங்குகிறோம். பாட்டியின் சேலை நினைவுக்கு வராமல் இல்லை. பிள்ளைகளிடம் அதைப் பேசிவிட்டே கொடுக்கிறோம். ஒரு வித்தியாசம் செய்கிறோம்: வந்த இயந்திரத்தை அப்படியே கையில் கொடுப்பதில்லை. ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து அவர்களையே திறக்கச் சொல்கிறோம். தூசு தட்டி, ராம் மாட்டி, எஸ்எஸ்டி மாட்டி, லினக்ஸ் ஏற்றி, தன் பெயரைத் தானே தட்டிய பிறகு அது யாரோ கழித்ததாக அவர்களுக்குத் தெரிவதில்லை. ஒன்பதாம் வகுப்புப் பாப்பா ஒருத்தி "இது நான் செஞ்ச லேப்டாப்" என்று தன் அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள் திருத்தவில்லை.

புதிதுதான் வேண்டும் என்றால் தாராளமாகப் புதிது வாங்குங்கள். ஆனால் மாடல் எண்ணை எழுதிக்கொண்டு வந்து, யூடியூபில் அதைப் பிரித்துக் காட்டும் வீடியோவைப் பாருங்கள். ராமுக்கு ஒரு பள்ளமாவது இருக்க வேண்டும். முழுக்கப் பற்றவைத்ததுதான் கிடைக்கிறது என்றால் 8 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள், 16 கிடைத்தால் நல்லது, பிறகு ஏற்ற வழியே இல்லை. சேமிப்பு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: இஎம்எம்சி என்று எழுதியிருந்தால் இலவசமாகத் தந்தாலும் ஆய்வேட்டை அதில் வைக்காதீர்கள். எம்.2 எஸ்எஸ்டி என்றால் கழற்றலாம். வாரண்டிக்குக் கொடுக்கும் முன் எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்துக்கொள்ள முடியுமா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள், முடியாது என்றால் அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். ராம் விலை வேறு இப்போது ஏறிக் கிடக்கிறது, ஏஐ தரவு மையங்கள் வாரிக்கொண்டு போகின்றன என்கிறார்கள். செத்த லேப்டாப்பிலிருந்து கழற்றிய பழைய ராம் துண்டுக்குக்கூட ரிச்சி தெருவில் மரியாதை வந்துவிட்டது. பற்றவைத்த ராமுக்கு அந்த மறுபிறவியும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 2025-26 தமிழ்நாடு நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று அறிவித்தார்கள். நல்ல திட்டம், அதை வைத்துத்தான் நாங்களும் படித்தோம். எத்தனை லட்சம் என்று பேசும் அளவுக்கு உள்ளே பள்ளம் உண்டா என்று யாரும் பேசுவதில்லை. அரசு இருபது லட்சம் வாங்கும்போது கம்பெனி அரசு சொல்வதைச் செய்யும். ராமுக்குப் பள்ளம், கழற்றும் எஸ்எஸ்டி, ஸ்க்ரூவில் நிற்கும் பேட்டரி, ஐந்து ஆண்டுக்கு உதிரிப் பாகம், போர்டு மாற்றினால் சேமிப்பு மாணவர் கையில் திரும்ப வர வேண்டும் என்ற ஒரு வரி. இவற்றை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லி ஒரு மனு தயாரித்திருக்கிறோம். உங்கள் கல்லூரியில் மாணவர் அமைப்பு இருந்தால் அதன் பெயரில் அனுப்பலாம். ஏற்கெனவே லேப்டாப் கைக்கு வந்தவர்கள் மாடல் எண்ணையும் உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் எங்களுக்கு எழுதுங்கள், மனுவோடு இணைப்போம்.

மனுவைத் தட்டிக்கொண்டிருப்பது அந்தத் தங்கைதான். டி480-ல் தட்டுகிறாள். எஸ்எஸ்டியை எப்படிக் கழற்றுவது என்று எங்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். இரண்டாவது சனிக்கிழமைகளில் மாலை நான்கு மணிக்குப் படிப்பகத்தில் லேப்டாப் திறக்கும் வகுப்பையும் அவளே எடுக்கிறாள். வருகிறவர்கள் வீட்டில் பழைய டிடிஆர்3 ராம், செத்த சார்ஜர், திரை உடைந்த லேப்டாப் எது கிடந்தாலும் காயலான் கடைக்குப் போடும் முன் எடுத்து வாருங்கள். சின்ன ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் எங்களிடம் இரண்டுதான் இருக்கிறது, முடிந்தால் ஒன்று கொண்டு வாருங்கள்.